ரொசாலியாவுக்கு நேர்ந்த முடி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோபத்தோடு எழும்பிப் போனபோது சாப்பாட்டுப் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டாய். உனக்கென்று பிரட்டின கணவாய்க் கறி அதற்குள் இருந்தது. அடுத்த நாள் அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோய், அங்கே கோப்பை கழுவுகிற பொடியனோடு பங்கிட்டுச் சாப்பிட்டாராம். அதற்குப் பிறகு நீ போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் ஒன்றில் நான் அழுவேன், இல்லாவிட்டால் நீ "பிறகு கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் நீ குறுக்கே கதைக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன். நீ தமிழ் வாசிப்பது மெதுவாகத்தான் என்று எனக்குத் தெரியும். மெதுவாகவே வாசி. எனக்கும் இப்போது எல்லாம் மெதுவாகத்தான் ஓடுகிறது. பலெர்மோவில் இந்தச் சீசாத் தெரு வீட்டின் படிகளையே நடுவில் ஒருக்கால் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுகிறேன். கையில் ஒரு பையும் இல்லாத நாளிலும் அப்படித்தான்.

அன்றைக்கு நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? அடுத்த மாதம் உனக்கும் கியாராவுக்கும் கலியாணம். கொமூனேக் கந்தோரில் பதிவுக் கையெழுத்து, பிறகு மண்டபத்தில் தாலி. தாலி கட்டுவதற்கு நீ சம்மதித்ததே எனக்குப் பெரிய காரியம். சோற்றைப் போட்டுவிட்டு மெல்லமாகத்தான் சொன்னேன். "கலியாணத்துக்கு முன்னம் ஒருநாள் மலைக்குப் போயிட்டு வருவம் தம்பி. அந்த முடியைக் குடுத்திட்டு வருவம்." நீ சிரித்தாய். நான் சிரிக்காததைக் கண்ட பிறகு "எந்த முடி?" என்று கேட்டாய். எந்த முடி என்று உனக்கு நன்றாகத் தெரியும். கேட்டுக்கொண்டே உன் கை பின்தலைக் கொண்டைக்குப் போனது. பக்கத்தில் இருந்த கியாரா என்ன என்று கேட்க, நீ இத்தாலியனில் அவசர அவசரமாகப் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினாய். பிறகு என்னிடம் திரும்பிப் பிரசங்கம் வைக்கத் தொடங்கினாய்.

"அம்மா, நான் பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கிறன் தெரியுமோ? இடி இடிக்கிறது சாமியின்ரை கோவம் இல்லை எண்டு ஒருத்தன் யோசிச்ச நாளிலைதான் தத்துவம் துடங்கினது எண்டு படிப்பிக்கிறன். கிரேக்கத்திலை ஒராள் அந்தக் காலத்திலேயே சொல்லிப்போட்டுது, குதிரைக்குக் கை இருந்தா அது குதிரை மாதிரித்தான் சாமி கீறும் எண்டு. நீங்கள் என்னெண்டா என்னை மொட்டை அடிக்கக் கூப்பிடுறியள்!"

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப எங்கடை பிள்ளையாரை ஆர் கீறினது? யானையோ?" என்று கேட்டேன். கியாரா களுக்கென்று சிரித்துவிட்டாள். பாதித் தமிழ் விளங்குகிற பிள்ளை, சிரிக்க வேண்டிய இடம் மட்டும் முழுதாக விளங்கிவிடுகிறது. அந்தச் சிரிப்புத்தான் உன்னைச் சுட்டது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. உன் முகம் கறுத்துப்போனது. "போதும் அம்மா! அங்கை ஒருத்தரும் இல்லை. வெறும் குகை. வெறும் தண்ணி. வாங்க ஆளில்லாத இடத்திலை என்ன நேர்த்தி?" என்றாய். கதிரையைத் தள்ளின சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் கூரையைத் தட்டினாள்.

வாங்க ஆள் இருக்கிறதா இல்லையா என்று உன்னோடு வாதாட நான் எழுதவில்லை. எனக்கு அதற்குத் தெம்பும் இல்லை, படிப்பும் இல்லை. பொலித்தேயாமாப் பக்கத்துப் பெரிய வீடுகளில் மற்றவர்களின் நிலத்தைத் துடைத்துத் துடைத்து என் முழங்கால் தேய்ந்துவிட்டது. களைப்பு என்றால் படுத்து எழும்பினால் போகிற களைப்பு இல்லை. பிடித்துக்கொண்டு நின்ற ஏதோ ஒன்றைக் கீழே வைத்துவிட்டால் போதும் என்கிற களைப்பு. அந்த நேர்த்தி அப்படி ஒன்று. அதை நான் எப்படித் தூக்கினேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நீ படிக்கிற காலத்தில் ஒருதரம் பகிடியாகச் சொன்னேன். நீயும் பகிடியாகத்தான் கேட்டாய்.

உனக்கு அப்போது நடை பழகின புதிது. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்ளே போய் வந்தது. ஆஸ்பத்திரியில் உன்னை ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். நான் இந்த ஊருக்கு வந்து அதிக காலம் இல்லை. 'சி', 'நோ', 'கிராத்சியே', இவ்வளவுதான் என் இத்தாலியன். டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார், நான் எல்லாவற்றுக்கும் 'சி', ஓம் ஓம் என்றேன். பிள்ளை பிழைக்குமா என்று கேட்கிற சொல் எனக்குத் தெரியாது. அப்பா வேலையில், போன் இல்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய், பலெர்மோக்காரி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து என் கையில் வைத்து மூடினாள். தலையில் பூமுடி, பக்கத்தில் ஒரு மண்டையோடு, குகைக்குள் ஒரு பெண். "சாந்தா ரொசாலியா," என்றாள், இந்த ஊரைக் காக்கிற புனிதை, ஜன்னலுக்கு வெளியே அவளுடைய குகை இருக்கிற மலையைக் காட்டினாள். எனக்கு அவர்களின் செபம் தெரியுமா? எனக்குத் தெரிந்த மாதிரித்தான் கேட்டேன். அம்மாளாச்சி, நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளையைத் தா, உன்ரை வாசலிலை அவனுக்கு மொட்டை போடுறன் எண்டு. வேறு எதைக் கொடுப்பேன்? எங்கள் ஊரில் பிள்ளை பிழைத்தால் முடிதான் கொடுப்பார்கள். இந்த அம்மன் முடி வாங்குகிறவளா, மெழுகுதிரி வாங்குகிறவளா என்று விசாரிக்க எனக்கு எங்கே நேரம்?

நீ பிழைத்தாய். அப்பாவுக்குச் சொன்னேன். அவர், "இஞ்சேர், அந்த மலையிலை பார்பர் இருக்கிறானோ?" என்று கேட்டார். அழுது வீங்கின கண்ணோடு நான் சிரித்தது அன்றைக்குத்தான். பார்பர் இல்லை. வீட்டிலேயே வழித்துவிட்டு முடியைக் கொண்டுபோகலாம் என்று பார்த்தால், தலை குளிரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியே காலம் போனது. நீ முதலாம் வகுப்புக்குப் போன வருடம் சந்தியில் இருந்த சலூனுக்குக் கூட்டிப்போனேன். முழுக்க வழிக்க வேண்டும் என்று கையால் காட்டினேன். அந்த மனிதர் உனக்குப் பேன் என்று நினைத்துவிட்டார்! கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கதிரையைத் துடைத்து, இருந்தவர்களுக்கெல்லாம் ஏதோ சொன்னார். எல்லாரும் எழும்பித் தள்ளி நின்றார்கள். நேர்த்தி என்பதை இத்தாலியனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என் சீலையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். வீட்டுக்கு வந்ததும் சுவாமிப்படத்துக்கு முன்னால் நின்று, "அம்மாளாச்சி, தவணை தா, இவன் மணவறையிலை இருக்கிறதுக்கு முன்னம் தாறன்," என்று சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். அன்றைக்குக் கலியாணம் என்பது எவ்வளவோ தூரத்தில் இருந்தது.

பிறகு நீ வளர்ந்து லிச்சேயோ உயர்பள்ளிக்குப் போனாய், கிரேக்கம் படித்தாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, எனக்கு அந்த வருடங்கள்தான் இந்த ஊரில் நான் சந்தோஷமாக இருந்த வருடங்கள். ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்லி விளங்கப்படுத்தினால்தான் தனக்கு விளங்கியதாக அர்த்தம் என்று உன் வாத்தியார் சொன்னாராம். ஒன்றும் தெரியாத ஆளாகக் குசினியில் நான் இருந்தேன். நான் வெங்காயம் வெட்ட நீ புத்தகத்தோடு மேலும் கீழும் நடந்து, பாதித் தமிழும் பாதி இத்தாலியனுமாகச் சொல்லுவாய். இந்தத் தீவில்தான், எங்கோ ஒரு வாவிக்கரையில் பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பாதாள ராசா தூக்கிக்கொண்டு போனான், தாய் தேடித் திரிந்தாள், தாய் அழுததால் பயிர் விளையவில்லை என்றாய். நான் வெங்காயத்தைச் சாட்டி அழுதேன். பிறகு தத்துவக்காரரைப் பற்றிச் சொல்லுவாய். அவர்களில் எனக்குப் பிடித்தவர் அந்த அக்ரிஜெந்தோக்காரர். இஞ்சையிருந்து கோச்சி ஏறி ஒரு நடை போய்வரலாம், அவ்வளவு கிட்டத்து மனிதர். எங்களுக்கு ஐம்பூதம், அவருக்கு நாலு. அந்த நாலுக்கும் அவர் சாமிப்பெயர்தான் வைத்தாராம். தண்ணீர் என்பது ஒரு தெய்வப்பெண், அவள் விடுகிற கண்ணீர்தான் ஊற்று என்றாராம். "அப்ப அவர் சாமியைக் கும்பிட்டவரோ, தண்ணியை ஆராய்ச்சி செய்தவரோ?" என்று கேட்டேன். நீ புத்தகத்தை மூடிவிட்டு நின்று யோசித்தாய். "அவருக்கு ரெண்டும் ஒண்டுதான் அம்மா. பிறகு வந்த ஆக்கள்தான் வெட்டிப் பிரிச்சவை. அவையும் நியாயம் கதைச்சுக் கதைச்சு, நியாயம் முடியிற இடத்திலை ஒரு கதைதான் சொல்லுவினம்," என்றாய். உனக்குப் பதினாறு வயதுதான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, ஆனால் "கறிக்கு உப்புப் பார்" என்று கரண்டியை நீட்டினேன். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சத் தெரியாது.

அந்த வருடம்தான் நஞ்சு குடித்த கிழவரின் கதை வந்தது. பெயர் உலகத்துக்கே தெரியும். கேள்வி கேட்டுக் கேட்டு ஊரைக் குழப்பினார், சாமிகளை மதிக்கவில்லை என்று வழக்கு வைத்துக் கொன்றார்கள். கால் மரத்து, குளிர் மேலே ஏறிவர, முகத்தை மூடிப் படுத்திருந்த மனிதர் துணியை விலக்கிக் கடைசியாகச் சிநேகிதனிடம் சொன்னது என்ன என்று கேட்டாய். நான் தண்ணீர் கேட்டிருப்பார் என்றேன். இல்லை. வைத்தியத் தெய்வத்துக்கு ஒரு சேவல் கொடுக்க இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்றாராம். நீ சொல்லி முடிக்கவில்லை, அப்படியே நின்றாய். "அம்மா! இது நேர்த்தியெல்லோ!" என்று கத்தினாய். நான் கண்டுபிடிக்கவில்லை, தம்பி. நீதான் கண்டுபிடித்தாய். அப்போதுதான் நான் உன் முடியின் கதையைச் சொன்னேன், ஆஸ்பத்திரி, படம், பேன், எல்லாம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அப்ப நானும் கிழவரும் ஒரு கட்சி," என்றாய். வேலையால் வந்த அப்பாவுக்கும் நீயே சொன்னாய். அவர், "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கவேணும் எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம், இவன் கோழியைப் படிச்சே கோறணமேந்து வேலை எடுப்பான் போலை," என்றார். எடுத்தும் விட்டாய், அரசாங்கப் பள்ளிக்கூடத்தில்.

அடுத்த நாள் நீ பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பிடாமல், "அந்த நேர்த்திக் கதையை இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு குசினிக்கு வந்து கதை சொல்வது குறைந்தது. ஒருநாள் நின்றேபோனது. ஆம்பிளைப் பிள்ளை, வளருகிறான், இனிமேல் தாயோடு என்ன கதை என்று நினைத்து என் வேலையைப் பார்த்தேன். மலைக்கு என்னோடு வருவதையும் விட்டாய். படிப்புத்தான் உன்னைச் சாமியிடமிருந்து கூட்டிப்போய்விட்டது என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் கியாரா வந்தாள். தனியாக. உனக்குத் தெரியாது. வாசலில் நின்று "மாமி" என்றாள், அந்த ஒரு சொல்லை மட்டும் அவ்வளவு வடிவாகச் சொல்லப் பழக்கியிருக்கிறாய். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் இத்தாலியனில்தான் சொன்னாள், நான் எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு என்பது எனக்குத் தெரியும். அந்தச் சேவல் பாடத்தன்று அவளும் அங்கே இருந்தாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கிழவர் அப்படிச் சொன்னதன் பொருள் என்ன என்று வாத்தியார் கேட்டாராம். வாழ்க்கை ஒரு வருத்தம், சாவு அதற்கு மருந்து, அதற்குத்தான் வைத்தியத் தெய்வத்துக்கு நன்றி என்று ஒரு பிள்ளை சொல்ல, அதுதான் சரி என்றாராம். நீ எழும்பினாயாம். "இல்லை, வீட்டிலை ஆருக்கோ சுகமில்லாமல் இருந்திருக்கும், அவர் ஒரு சேவல் நேந்திருப்பார், அவ்வளவுதான். என்ரை அம்மாவும் இப்பிடி ஒண்டு வைச்சிருக்கிறா. சாந்தா ரொசாலியாவுக்கு என்ரை முடி," என்றாயாம். வகுப்பே சிரித்ததாம். ஒருத்தன் சேவல் மாதிரிக் கூவினானாம். அந்த வருடம் முடியும்வரை உன்னைக் 'கல்லோ' என்றுதான் கூப்பிட்டார்களாம், சேவல் என்று. கியாரா கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நானும் சிரிச்சன், மாமி. ஞாயிற்றுக்கிழமையும் சிரிச்சிட்டன். அவருக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்டிருக்கும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தெரியவில்லை. சிரித்த பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் ஜூலையில் ரொசாலியாவின் தேருக்குப் பின்னால் கும்பிட்டுக்கொண்டு போகிறவர்கள்தானே! அவர்கள் மெழுகுதிரி கொளுத்தினால் பக்தி, நாங்கள் முடி கொடுத்தால் பகிடியோ? பிறகு கோபம் இறங்க, உன்னை நினைத்தேன். இவ்வளவு காலமும் ஒரு வீட்டில் இருந்து சோறு போட்ட எனக்கு இது தெரியாமல் போயிற்றே. சேவல் என்று கூப்பிட்ட பள்ளிக்கூடத்துக்கு நீ ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டுப் போயிருக்கிறாய், நான் 'குடையை எடுத்துக்கொண்டு போ' என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். யோசித்து ஒன்றைக் கைவிட்டாயா, நான் மறுக்க மாட்டேன், அது உன் படிப்பு. ஆனால் வெட்கப்பட்டு ஒன்றைக் கைவிட்டால் அது போகாது. உள்ளே கிடந்து, யாராவது களுக்கென்று சிரிக்கும்போதெல்லாம் நோகும். உன்னிடம் படிக்கிற பிள்ளைகளில் ஒன்று எழும்பி, என் தாயிடம் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று சொன்னால், நீ அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் நில்.

போவதற்கு முன் கியாரா இன்னொரு கதையும் சொன்னாள், நீ எனக்குச் சொல்லாமல் விட்ட கதை. கிரேக்கரிலும் முடி நேருகிற வழக்கம் இருந்ததாம். ஒரு பெரிய வீரன் சண்டைக்குப் போக, அவன் உயிரோடு திரும்பினால் அவன் முடியைத் தருகிறேன் என்று தகப்பன் தங்கள் ஊர் ஆற்றுக்கு நேர்ந்தானாம். அந்த வீரனுக்குத் தெரிந்துவிட்டதாம், தான் திரும்பப்போவதில்லை என்று. தோழன் செத்தபோது, வளர்த்த முடியைத் தானே வெட்டித் தோழனின் கையில் வைத்தானாம். நான் கேட்டேன், "நேரும்போது தகப்பன் மகனிட்டைக் கேட்டவரோ?" "கேட்டதெண்டு கதையிலை இல்லை, மாமி." "ஆறு கோவிச்சுதோ?" "அதுவும் இல்லை," என்றாள்.

அவள் போன பிறகு நான் மேசையில் அப்படியே இருந்தேன். அந்தக் கிழவர் நேர்ந்தது தன் சேவலை. அந்தத் தகப்பன் நேர்ந்தது மகன் தலையில் இருந்ததை. நான் எந்தக் கட்சி? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு அடித்த கதைதான் நான் செய்தது. நடை பழகின பிள்ளையின் தலை என்னுடையதுதான், நான்தான் எண்ணெய் வைத்தேன், நான்தான் சீவினேன். தவணை கேட்டுக் கேட்டு இழுத்ததில் அந்தத் தலை எப்போது உன்னுடையதாக மாறியது என்று நான் கவனிக்கவில்லை. வாய் என்னுடையது, பயம் என்னுடையது, கேட்டுப் பெற்றுக்கொண்டதும் நான்தான். அப்படியென்றால் முடியும் என்னுடையதாகத்தானே இருக்க வேண்டும்? இதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

நேற்றுக் காலை அப்பாவிடம் முடி வெட்டுகிற மெஷினை எடுத்துக்கொண்டு பல்கனிக்கு வரச் சொன்னேன். "உனக்கென்ன விசரோ? நான் உயிரோடை இருக்க நீ மொட்டையோ? ஊர்ச்சனம் என்ன நினைக்கும்?" என்று குதித்தார். அவருடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை. நம்மவர்களில் வயதான பெண் தலையை வழித்தால் சனம் முதலில் நினைப்பது அதைத்தான். "ஊர்ச்சனம் இஞ்சை வந்து படி துடைக்கேல்லை. நீங்கள் வழியுங்கோ," என்றேன். என் முடி உனக்குத் தெரியும்தானே, இடுப்பு வரைக்கும் இருந்தது, நரைத்தாலும் அடர்த்தி குறையவில்லை, எனக்கு மிச்சமிருந்த ஒரே வடிவு அதுதான். அவர் வழிக்கிறதும் நிறுத்துகிறதும் மூக்கை உறிஞ்சுகிறதுமாக நின்றார். தடிமன் என்றார். முடிந்த பிறகு கையால் என் தலையைத் தடவிவிட்டு, "சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறாய்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்றைக்கு மலைக்குப் போனேன். கியாரா வந்தாள், உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டேன், அவளை ஏசாதே. பழைய கல்பாதையில் செருப்பில்லாமல் ஏறினேன். செருப்பை அவள் கொண்டுவந்தாள். முழங்கால் என்னைக் கொன்றுவிட்டது. இரண்டு வளைவுக்கு ஒருதரம் மதிலில் இருந்தேன், கீழே கப்பல் தெரிந்தது. குகைக்குள் எப்போதும் போலக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கத் தகரப் பீலிகள் வைத்திருக்கிறார்களே, அதற்குத் தப்பின ஒரு துளி என் மொட்டைத் தலையில் விழுந்தது. பச்சைக் குளிர். உன்னுடைய அக்ரிஜெந்தோக்காரரை நினைத்தேன். தெய்வத்தின் கண்ணீரோ, வெறும் தண்ணீரோ, எனக்குத் தெரியாது. துவாயால் துடைக்க மனம் வரவில்லை. சுகமானவர்கள் ஊன்றுகோலும் பிள்ளைகளின் படமும் வைத்துவிட்டுப் போகிற இடத்தில் முடிப்பையை வைத்தேன். "அம்மாளாச்சி, சுணங்கிப்போச்சு, குறை நினையாதை. பிள்ளையை இதிலை விட்டிடு," என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்கவும் களைப்பாக இருந்தது. இறங்கி வரும்போது கியாரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை, தம்பி. இரண்டு தரம் சிரித்ததற்காக வீடு தேடி வந்து வருந்துகிற பிள்ளையைப் பத்திரமாக வைத்திரு.

கலியாணத்தன்று என் தலையில் இரண்டு விரல்கடை முடிகூட இருக்காது. அப்பா சந்தையிலிருந்து ஒரு பட்டுத் துணி வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறார். நான் கட்டப்போவதில்லை. கொமூனேயில் உன்னோடு படிப்பிக்கிறவர்கள் மெல்லிய குரலில் உன்னிடம் கேட்பார்கள், அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று. வருத்தம் ஒன்றும் இல்லை, அவவுக்கு ஒரு நேர்த்தி இருந்தது, நிறைவேற்றிவிட்டா என்று சொல். பதினாறு வயதில் எழும்பி நின்று சொன்னாயே, அதே குரலில் சொல். யாராவது சிரித்தால் இந்தமுறை நான் உனக்குப் பக்கத்தில் நிற்பேன்.

கொண்டையை வைத்துக்கொள், உனக்கு அது வடிவாகத்தான் இருக்கிறது. இனி அது முழுக்க உன்னுடைய முடி. இந்தக் கடிதம் இன்றிரவே அப்பா கையில் உன்னிடம் வரும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கணவாய் வாங்கி வைத்திருக்கிறேன், சாப்பிட வா. கதவைத் திறக்கப்போவது நான்தான். பயந்துவிடாதே.

அம்மா